விமானத்துக்குள் கரப்பான்பூச்சி எப்படி வருகிறது, பார்த்தால் என்ன செய்ய வேண்டும்?

நண்பர் கேட்டிருப்பது இது. போன வாரம் மனைவி, ஆறு வயது மகளோடு சென்னையிலிருந்து சிங்கப்பூர் போயிருக்கிறார். சாப்பாடு கொடுக்கும் நேரத்தில் ஜன்னலோரச் சுவரில் சின்னதாக, பழுப்பு நிறத்தில் ஒரு கரப்பான்பூச்சி ஊர்ந்து போயிருக்கிறது. பணிப்பெண் டிஷ்யூ பேப்பரால் பிடித்து நசுக்கி, மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போய்விட்டார். திரும்பி வரும்போது, சென்னையில் இறங்குவதற்கு முன்னால், பணியாளர்கள் கையில் டப்பாவோடு நடந்து மருந்து அடித்துக்கொண்டே போயிருக்கிறார்கள். மகளுக்கு வீசிங் உண்டு, இருமல் வந்துவிட்டது. பல நூறு கோடி ரூபாய் விமானத்தில் ஒரு கரப்பானை ஒழிக்க முடியாதா, அந்தச் சாப்பாட்டைச் சாப்பிட்டோமே ஏதாவது ஆகுமா, அது எங்கள் பையில் ஏறி வீட்டுக்கு வந்திருக்குமா, அடித்த மருந்து கரப்பானுக்கா என்று நாலு கேள்வி. நாலையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் அவர் மனதில் இருப்பது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்: கண்ணில் பட்ட ஒரு பூச்சியை வைத்துக்கொண்டு, கண்ணில் படாத மற்ற இடங்களை எவ்வளவு சந்தேகப்படலாம்? அதற்குத்தான் பதில் சொல்லப் போகிறேன், கொஞ்சம் நீளமாகவே.

நான் விலங்கியல் படித்தவன். மீனம்பாக்கத்தில் விமானங்களுக்குள்ளும், விமானச் சாப்பாடு தயாராகும் சமையற்கூடங்களிலும் பூச்சிக் கட்டுப்பாட்டு வேலையில் பல வருடங்களாக இருக்கிறேன். டாக்டர் இல்லை, விமானப் பொறியாளரும் இல்லை. அதனால் பூச்சி, மருந்து, சுத்தம் செய்யும் முறை ஆகியவற்றில் நான் சொல்வதை நம்பலாம். குழந்தையின் வீசிங் விஷயத்தில் பொதுவாகத் தெரிந்ததை மட்டும் சொல்லிவிட்டு அவளுடைய டாக்டரிடம் விட்டுவிடுவேன். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். விமானத்தில் பூச்சி இருப்பதும், விமானம் அழுக்காக இருப்பதும் தனித்தனி விஷயங்கள். பளபளவென்று துடைத்த விமானத்தில் கரப்பான் குடும்பம் நடத்தும். மூன்று நாளாகத் துடைக்காத மேஜையுள்ள விமானத்தில் ஒரு பூச்சிகூட இருக்காது. இரண்டுக்கும் பொதுவாக இருக்கும் காரணம் நேரம். விமானம் தரையில் எத்தனை மணி நேரம் நிற்கிறது என்பதுதான் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. டிக்கெட் விலையோ விமானத்தின் வயதோ அதற்கு அப்புறம்தான்.

நீங்கள் பார்த்த பூச்சிக்கு வருவோம். சின்னது, வெளிர் பழுப்பு, தலைக்குப் பின்னால் இரண்டு கருங்கோடு, நீளம் ஒன்றரை சென்டிமீட்டருக்குள் என்றால் அது ஜெர்மன் கரப்பான். நம் வீட்டுச் சாக்கடையிலிருந்து ராத்திரியில் ஏறி வருமே, செம்பழுப்பில் பெரிதாக, அது அமெரிக்கக் கரப்பான். அது வேறு இனம். இந்த வித்தியாசம் முக்கியம். பெரியது ஒன்று விமானத்துக்குள் இருந்தால், ஏறும் பாலம் வழியாகவோ சரக்கு வழியாகவோ தப்பி வந்த ஒற்றை விருந்தாளியாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். விமானத்துக்குள் அது பெருகுவதை நான் பார்த்ததில்லை. சின்ன ஜெர்மன் கரப்பான் அப்படியில்லை. அது கட்டடத்துக்குள்ளேயே, கதகதப்பும் ஈரமும் சோற்றுப் பருக்கையும் உள்ள இடுக்கிலேயே பிறந்து வளர்ந்து சாகிற பூச்சி. பெண் பூச்சி முப்பது நாற்பது முட்டைகள் உள்ள ஒரு பையை, குஞ்சு பொரிக்கும் வரை தன் வயிற்று நுனியிலேயே சுமந்து திரியும். வெதுவெதுப்பான இடத்தில் குஞ்சுகள் ஏறக்குறைய இரண்டு மாதத்தில் வளர்ந்து அடுத்த தலைமுறைக்குத் தயாராகிவிடும். ஆகவே, நீங்கள் பார்த்தது இறக்கை இல்லாத குஞ்சாக இருந்தால் அந்த விமானத்தில் இனப்பெருக்கம் நடக்கிறது என்று பெரும்பாலும் சொல்லலாம். வளர்ந்த பூச்சி ஒன்று என்றால் அந்த அளவுக்குக்கூடச் சொல்ல முடியாது. வெளிச்சத்தில் ஒன்று வந்தால் உள்ளே நெரிசல் என்று எங்கள் தொழிலில் ஒரு சொல்வழக்கு உண்டு. வீட்டுக்கும் ஓட்டலுக்கும் அது பெரும்பாலும் பொருந்தும். இரவும் பகலும் மாறி மாறி விளக்கு எரியும் விமானத்துக்கு அதை அப்படியே வைக்க எனக்குத் துணிவில்லை.

எப்படி ஏறுகிறது? பயணிகள் நினைப்பது போல ஜன்னல் வழியாகவோ கதவு வழியாகவோ பறந்து வருவதில்லை. அட்டைப்பெட்டியில் வருகிறது. தண்ணீர் பாட்டில், ஜூஸ், பிஸ்கட், டிஷ்யூ என்று விமானத்துக்குள் போகும் பொருள்கள் ஒரு கட்டத்தில் அட்டைப்பெட்டியில் இருந்தவை. அந்த அட்டையின் நெளிவுகளுக்குள் ஒரு பெண் பூச்சி முட்டைப்பையோடு வசதியாக உட்கார்ந்துகொள்ளும். அதனால்தான் நல்ல சமையற்கூடங்களில் பெட்டியை வெளி வராந்தாவிலேயே பிரித்து, பொருளை மட்டும் பிளாஸ்டிக் கூடையில் மாற்றி உள்ளே அனுப்பச் சொல்வோம். அப்புறம் சாப்பாட்டு ட்ராலிகள். அவற்றின் சக்கரத்துக்கு மேலே உள்ள குழி, கதவு ரப்பரின் மடிப்பு, இரண்டும் இவற்றுக்குப் பிடித்த இடம். ட்ராலி ஒரே விமானத்தில் இருப்பதில்லை; இன்றைக்கு ஒரு விமானம், நாளைக்கு இன்னொன்று என்று ஊர் ஊராகச் சுற்றுகிறது. பயணிகளின் பைகளிலிருந்தும் இறங்கும், அதையும் மறைக்க வேண்டியதில்லை. ஒரு குறிப்பிட்ட விமானத்தில் முதல் பூச்சி எதன் வழியே வந்தது என்பதை ஒருவராலும் நிரூபிக்க முடியாது. யாராவது அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள்.

ஏறியது எங்கே தங்குகிறது என்பதை மட்டும் நன்றாகவே சொல்ல முடியும். கேலி என்று நாங்கள் சொல்லும் சமையல் பகுதியில். ஓவனுக்குப் பின்னால், காபி மேக்கருக்குக் கீழே, தண்ணீர்க் குழாய் சுவருக்குள் நுழையும் இடத்தில். இரவில் விமானம் நிற்கும்போது பொறியியல் பிரிவு ஆள் ஒருவர் வந்து காபி மேக்கரை அதன் பெட்டியிலிருந்து கழற்றி வெளியே இழுப்பார். அந்த வேலையை நாங்கள் தொடக்கூடாது, கழற்றுவதும் மறுபடி மாட்டுவதும் அவர் கையெழுத்தில்தான் நடக்கும். இழுத்ததும் டார்ச் அடித்துப் பார்ப்போம். முன்பக்கம் ஸ்டீல் தகடு முகம் பார்க்கலாம் போல இருக்கும். பின்பக்கம் காய்ந்த காபிக் கறை, சர்க்கரைப் பாகு வழிந்து கெட்டியான கோடு, அதன் ஓரமெல்லாம் மிளகுத்தூள் தூவியது போல எச்சம், ஒன்றிரண்டு காலியான முட்டைப்பை, ஒரு மாதிரி எண்ணெய்ச் சிக்கு வாடை. வெளிச்சம் பட்டதும் குஞ்சுகள் தகட்டு இடுக்குக்குள் ஓடும். பயணி எவருக்கும் தெரியாத, துடைக்க வருபவர்களின் கை எட்டாத இடம் அது. அங்கே நெரிசல் கூடும்போதுதான் கூரைப் பலகைக்குள்ளும் ஜன்னலோரச் சுவருக்குப் பின்னாலும் பரவி, உங்களைப் போன்ற ஒருவர் கண்ணில் படுகிறது. சீட்டுக்கடியில் சிந்திக் கிடக்கும் முறுக்கும் சிப்ஸும் அதற்கு உதவி செய்கின்றன, ஆனால் ஊற்றுக்கண் சமையல் பகுதிதான். உயரத்தில் போனால் குளிரில் செத்துவிடாதா என்று சிலர் கேட்பதுண்டு. வெளியே மைனஸ் 50 டிகிரிக்கும் கீழே போகும், உண்மை. ஆனால் நாம் உட்கார்ந்திருக்கும் கேபினில் அழுத்தமும் சூடும் நமக்கு ஏற்றபடி வைக்கப்பட்டிருக்கின்றன. நமக்குத் தாங்குவது கரப்பானுக்கும் தாங்கும்.

சரி, ஒழிக்க முடியாதா? முடியும். ஆனால் வீட்டில் செய்வது போல ஒரு டப்பா வாங்கி அடித்துவிட்டுப் போக முடியாது. விமானத்தின் உடல் பெரும்பாலும் அலுமினியம் அல்லது கூட்டுப்பொருள். சுவருக்குப் பின்னால் கட்டுக்கட்டாக ஒயர். கண்ட மருந்தையும் அடித்தால் உலோகம் அரிக்கும், ஒயரின் உறை கெடும், சீட் துணியின் தீப்பிடிக்காத தன்மை போகும். ஆகவே விமானம் செய்த நிறுவனம் பரிசோதித்து ஏற்றுக்கொண்ட பொருள்களை மட்டும்தான் பயன்படுத்தலாம். பூச்சி மருந்துக்கு மட்டுமில்லை, மேஜை துடைக்கும் திரவத்துக்கும் இதே விதிதான். இரண்டாவது, புகை போல அடிக்கும் மருந்து கரப்பானை இன்னும் உள்ளே விரட்டும். முட்டைப்பையின் தோல் தடிப்பு, மருந்து உள்ளே போகாது. அதோடு பைரித்ராய்டு வகை மருந்துகளுக்கு ஜெர்மன் கரப்பான் உலகம் முழுக்கப் பல இடங்களில் பழகிவிட்டது, சாவதில்லை. அதனால் இப்போது நாங்கள் நம்புவது ஜெல் மருந்தை. ஊசிக் குழாயிலிருந்து இடுக்கு இடுக்காகச் சின்னச் சின்னப் புள்ளியாக வைப்போம். தின்ற பூச்சி தன் பொந்துக்குப் போய்ச் சாகும், அதன் எச்சத்தையும் உடலையும் தின்னும் மற்றவையும் சாகும். கூடவே பசை அட்டைகளை மூலையில் வைத்து, எத்தனை ஒட்டுகிறது, எந்த வயதுப் பூச்சி ஒட்டுகிறது என்று எழுதிவைப்போம். இந்த அட்டை சொல்வதைத்தான் நான் நம்புவேன். 'போன வாரம் மருந்து போட்டாச்சு' என்ற வாய்ச்சொல்லை நம்ப மாட்டேன்.

இங்கேதான் நேரப் பிரச்சினை வருகிறது. ஒரு முறை ஜெல் வைத்தால் முடியாது. பொரித்து வரும் குஞ்சுகளைப் பிடிக்க இரண்டு மூன்று வாரம் கழித்து அதே விமானத்துக்குள் மறுபடி போக வேண்டும், அதற்கு அப்புறமும் ஒரு முறை. ஆனால் அந்த விமானம் அன்றைக்குச் சென்னையில் இருக்காது. இரவு இங்கே நிற்கும் என்று பட்டியலில் இருக்கும். மழையால் வேறொரு விமானம் தாமதமாகி, இதை எடுத்து டெல்லிக்கு அனுப்பிவிடுவார்கள். நாங்கள் மருந்துப் பெட்டியோடு காத்திருந்துவிட்டுத் திரும்புவோம். அடுத்த ஊரில் இருக்கும் குழு முதலிலிருந்து ஆரம்பிக்கும். ஒரு விமானத்தில் கரப்பான் தொடர்ந்து இருந்தால் அங்கே யாரோ சோம்பேறி என்று அர்த்தமில்லை. பெரும்பாலும் அந்த விமானத்துக்கு ஒழுங்காக மூன்று இரவு ஓய்வு கிடைக்கவில்லை என்றுதான் அர்த்தம். இதைத் திட்டமிட வேண்டியவர்கள் மேலே இருப்பவர்கள். விமானம் தரையில் நிற்கும் ஒவ்வொரு மணி நேரமும் நஷ்டம் என்று கணக்குப் பார்க்கும் தொழிலில், பூச்சிக்காக ஒரு இரவை ஒதுக்கச் சொல்வது எங்களுக்குச் சுலபமான பேச்சு இல்லை.

சுத்தம் செய்வதும் அதே கதைதான். உள்நாட்டு விமானம் ஒன்று வந்து இறங்கி, ஆட்களை இறக்கி, மறுபடி ஏற்றிக் கிளம்ப அரை மணி நேரம் போலத்தான் கொடுக்கிறார்கள். அதில் கடைசிப் பயணி இறங்கியதற்கும் அடுத்த முதல் பயணி ஏறுவதற்கும் நடுவே கிடைப்பது சில நிமிடங்கள். 180 சீட். அதற்குள் குப்பை எடுக்க வேண்டும், பெல்ட்டை மடித்து வைக்க வேண்டும், சீட் பாக்கெட்டில் கையை விட வேண்டும், தரையைப் பெருக்க வேண்டும், கழிப்பறை பார்க்க வேண்டும். பல நிறுவனங்களில் இதைப் பணிப்பெண்களே செய்துவிடுகிறார்கள். மற்றவற்றில் பம்மல், பொழிச்சலூர், அனகாபுத்தூர் பக்கமிருந்து ஷிஃப்ட்டுக்கு வரும் அக்காமார்கள் செய்கிறார்கள். அவர்கள் சீட் பாக்கெட்டிலிருந்து எடுக்கும் பொருள்களைப் பார்த்தால் பயணிகளைப் பற்றி வேறு மாதிரி யோசிப்பீர்கள்: குழந்தையின் நாப்கின், வாந்திப் பை, வாழைப்பழத் தோல், துப்பிய வெற்றிலை. மெல்லிய கையுறை ஒன்றுதான் பாதுகாப்பு. விமானம் அழுக்கு என்று எழுதும்போது அந்தக் கைகளை நினைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அவர்களுக்கு இன்னும் பத்து நிமிடம் கொடுத்தால் உங்கள் சீட் வேறு மாதிரி இருக்கும். ட்ரே டேபிளைத் துடைப்பது ஒவ்வொரு முறையும் நடப்பதில்லை. கறை தெரிந்தால் துடைப்பார்கள். எல்லாவற்றையும் வரிசையாகத் துடைப்பது, சீட்டுக்கடியில் வாக்குவம் போடுவது எல்லாம் இரவு நிறுத்தத்தில். சீட்டைக் கழற்றித் தரைவிரிப்பைத் தூக்கிப் பார்ப்பது பெரிய பராமரிப்புக்குப் போகும்போதுதான்.

அதனால் கிருமி விஷயத்தில் உங்கள் சந்தேகத்தை எங்கே வைக்க வேண்டும் என்றால், பூச்சி ஊர்ந்த சுவரில் வைப்பதைவிட, எல்லோரும் தொடும் இடத்தில் வையுங்கள். ட்ரே டேபிள், கைப்பிடி, பெல்ட் கொக்கி, கழிப்பறைக் கதவின் தாழ்ப்பாள், சீட் பாக்கெட். அமெரிக்காவின் ஆபர்ன் பல்கலைக்கழகத்தில் 2014இல் ஒரு ஆய்வு வெளிவந்தது. விமானத்தில் பயன்படும் பொருள்களின் மேல் பாக்டீரியாவை வைத்து எத்தனை நாள் உயிரோடு இருக்கிறது என்று பார்த்தார்கள். மருந்துக்கு அடங்காத ஸ்டாஃப் வகைக் கிருமி ஒன்று சீட் பாக்கெட் துணியில் 7 நாள் தாங்கியது. நோய் உண்டாக்கும் ஈ. கோலி வகை ஒன்று கைப்பிடிப் பொருளில் 4 நாள். இது சோதனைச் சாலையில் வைத்துப் பார்த்தது என்பதைச் சேர்த்தே படிக்க வேண்டும். கிருமி தாங்கும் என்பது உறுதி, அதனால் எத்தனை பயணிக்கு நோய் வந்தது என்பதை அந்த ஆய்வு சொல்லவில்லை. உட்கார்ந்ததும் ஒரு சானிடைசர் துணியால் மேஜையையும் கைப்பிடியையும் துடையுங்கள், சாப்பிடும் முன் கை கழுவுங்கள், குழந்தை கையில் கொடுக்கும் எதையும் சீட் பாக்கெட்டில் போட்டு எடுக்காதீர்கள். இதுவே போதும். காற்றைப் பற்றிக் கவலை வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை: பெரிய ஜெட் விமானங்களில் கேபின் காற்று மணிக்கு 20 முதல் 30 முறை மாறுகிறது, கேபினிலிருந்தே மறுபடி சுழன்று வரும் பங்கு, நுண்ணிய துகளையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி வழியாக வருகிறது. ஆனால் பக்கத்து சீட்டுக்காரர் உங்கள் பக்கம் திரும்பி இருமினால் அந்த வடிகட்டி உங்களைக் காப்பாற்றாது.

சாப்பாடு. கரப்பான் சால்மோனெல்லா போன்ற கிருமிகளைக் காலிலும் வயிற்றிலும் சுமக்கும் என்பது தெரிந்த உண்மை. விமானச் சாப்பாடு சமையற்கூடத்தில் மூடி ஒட்டப்பட்டு, குளிரில் வைக்கப்பட்டு, மேலே சூடாக்கி உங்கள் முன்னால் திறக்கப்படுகிறது. மூடிய தட்டைத் திறந்து உடனே சாப்பிட்டிருந்தால், சுவரில் ஒரு பூச்சி போனதால் அந்தச் சாப்பாடு கெட்டிருக்க வழி குறைவு. ஒரு வாரம் ஆகிவிட்டது, யாருக்கும் வயிறு கெடவில்லை என்றால் அந்தக் கவலையை விட்டுவிடலாம். எனக்குச் சாப்பாட்டைவிடத் தண்ணீரில்தான் கண் இருக்கும். விமானத்தின் குழாய்த் தண்ணீர் ஒரு தொட்டியில் இருந்து வருகிறது. அந்தத் தொட்டியும், அதை நிரப்பும் வண்டியும், குழாயும் முறையாகச் சுத்தம் செய்யப்பட்டால்தான் அது குடிநீர். அமெரிக்க சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2004இல் விமானங்களைச் சோதித்தபோது ஏறக்குறைய 15 சதவீத விமானங்களின் தண்ணீரில் கோலிஃபார்ம் வகை பாக்டீரியா இருந்தது, அதைத் தொடர்ந்துதான் 2009இல் விமானக் குடிநீருக்கென்றே அங்கே தனி விதி வந்தது. நம் ஊர் எண்ணை இதிலிருந்து ஊகிக்கக் கூடாது. நான் செய்வதைச் சொல்கிறேன்: மூடி உடைக்காத பாட்டில் தண்ணீர் குடிப்பேன், கழிப்பறைக் குழாய்த் தண்ணீரில் கை கழுவுவேன், அதில் பல் தேய்க்க மாட்டேன், குழந்தையின் பால் புட்டியை அலச மாட்டேன்.

எலியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பூச்சியும் எலியும் ஒரே வரிசையில் வைக்கக் கூடியவை இல்லை. கரப்பான் அருவருப்பு, எலி ஆபத்து. எலியின் முன்பல் வளர்ந்துகொண்டே இருக்கும், அதனால் எதையாவது கொறித்துக்கொண்டே இருக்கும், விமானத்தில் கொறிக்கக் கிடைப்பது ஒயர். ஆகவே கேபினில் எலி ஓடியதாக ஒருவர் சொன்னாலே விமானத்தை நிறுத்திவிடுவார்கள். விஷம் வைக்க மாட்டோம். தின்றுவிட்டு எங்கோ பலகைக்குப் பின்னால் செத்தால் எடுக்க முடியாது. பசை அட்டையும் பொறியும் வைத்துப் பிடிப்போம், சில சமயம் விமானத்தை மூடிக் கரியமில வாயு செலுத்துவதும் உண்டு. பிடித்த பிறகும் பொறியாளர்கள் ஒயர்களைச் சோதித்துக் கையெழுத்துப் போட்டால்தான் கிளம்பும். சென்னையில் இதற்கு மழைக்காலம் மோசம். விமான நிலையத்தை ஒட்டி அடையாறு ஓடுகிறது, இரண்டாவது ஓடுபாதை அந்த ஆற்றின் மேல் பாலமாகவே போகிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் தண்ணீர் உள்ளே வந்து விமான நிலையமே பல நாள் மூடிக் கிடந்தது. அந்த மாதிரி வெள்ளம் வராத வருடங்களிலும் ஐப்பசி, கார்த்திகையில் பொந்துகளில் தண்ணீர் ஏறியதும் எலியும் பெருச்சாளியும் மேட்டைத் தேடி வரும். சரக்குக் கொட்டகை, கேட்டரிங் வண்டி நிற்கும் இடம் எல்லாம் அவற்றுக்கு மேடுதான். அந்த மாதங்களில் எங்கள் பொறிகள் நிறைவதை வைத்து நான் சொல்வது இது, ஆய்வு செய்து சொல்வதில்லை. சரக்கு வழியாக வேறு ஜீவன்களும் ஏறும். 2022 டிசம்பரில் கோழிக்கோட்டிலிருந்து துபாய் போன ஒரு விமானத்தின் சரக்கு அறையில் பாம்பு இருந்தது செய்தியாகவே வந்தது.

இப்போது இறங்கும் முன் அடித்த மருந்து. அது கரப்பானுக்கு இல்லை, கொசுவுக்கு. நோய் பரப்பும் கொசு ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு விமானத்தில் வந்துவிடக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் வகுத்த முறை அது. சில நாடுகள் இதைக் கட்டாயமாக்கியிருக்கின்றன, உள்ளே வரும் விமானங்களில் பயணிகள் இருக்கும்போதே அடிக்கச் சொல்லும் நாடுகளில் இந்தியாவும் உண்டு. நம் சட்டத்தில் இதற்கு 1954ஆம் வருடத்து விமானப் பொதுச் சுகாதார விதிகள் இருக்கின்றன. காரணம் நியாயமானது. மஞ்சள் காய்ச்சல் ஆப்பிரிக்காவிலும் தென்னமெரிக்காவிலும் இருக்கிறது, இந்தியாவில் இல்லை. ஆனால் அதைப் பரப்பக் கூடிய ஏடிஸ் கொசு, டெங்குவைப் பரப்பும் அதே கொசு, நம் தெருவெல்லாம் இருக்கிறது. கிருமி ஒரு முறை உள்ளே வந்தால் பரப்புவதற்கு ஆள் தயாராக நிற்கிறது. விமானத்தில் கொசு வருவது கற்பனையும் இல்லை: 1994 கோடையில் பாரிஸ் சார்ல் தெகோல் விமான நிலையத்தைச் சுற்றி, மலேரியா உள்ள நாட்டுக்கே போகாதவர்களுக்கு மலேரியா வந்தது. இதனால்தான் விமான நிலையத்தைச் சுற்றி 400 மீட்டர் கொசு இல்லாமல் வைக்க வேண்டும் என்று சர்வதேச சுகாதார விதிகள் சொல்கின்றன. மீனம்பாக்கத்தில் விமான நிலைய சுகாதார அலுவலகம் என்று ஒரு மத்திய அரசு அலுவலகம் இருப்பதும் இது போன்ற வேலைகளுக்காகத்தான். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போகும் விமானங்களில் நீங்கள் பெரும்பாலும் எதையும் பார்க்க மாட்டீர்கள்; அங்கே பயணிகள் ஏறும் முன்பே சுவரிலும் தரையிலும் பெர்மெத்ரின் என்ற பூச்சி மருந்தைப் பூசிவிடுவார்கள், அது 8 வாரம் வரை செல்லும்.

டப்பாவில் இருப்பது பெரும்பாலும் டி-ஃபினோத்ரின் என்ற பூச்சி மருந்து, 2 சதவீதம். முறைப்படி அடித்தால் உடலுக்குக் கேடு என்பதற்கு ஆதாரம் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதே சமயம் சிலருக்குக் கண் எரிச்சல், தொண்டை அரிப்பு, இருமல் வந்ததாகப் புகார்கள் உண்டு, வீசிங் உள்ள பிள்ளைக்கு எந்த ஸ்ப்ரேயும் இருமலைத் தூண்டலாம். உங்கள் மகளுக்கு வந்த இருமல் இதனால்தானா என்று நான் சொல்ல முடியாது, வறண்ட கேபின் காற்றே போதும் இருமலுக்கு. அடுத்த முறை ஏறும்போதே பணிப்பெண்ணிடம் சொல்லிவையுங்கள். அடிக்க வேண்டாம் என்று அவர்கள் விட முடியாது, ஆனால் அடிப்பதற்கு முன் உங்களிடம் சொல்ல முடியும், அந்தச் சில நிமிடம் மூக்கையும் வாயையும் ஒரு துணியால் மூடிக்கொள்ளலாம். இன்ஹேலர் மேலே அடுக்கில் இல்லாமல் கையிலேயே இருக்கட்டும். மீதியை அவளுடைய டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக வீடு. கைப்பையைச் சீட்டுக்கடியில் வைத்திருந்தால் அதில் ஒரு கரப்பான் ஏறியிருக்கும் வாய்ப்பு சின்னது, இல்லவே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஏறியிருந்தாலும் ஒரு ஆண் பூச்சியோ குஞ்சோ தனியாகக் குடும்பம் ஆரம்பிக்க முடியாது, இணைசேர்ந்த பெண் வந்தால்தான் வில்லங்கம். பையை மொட்டைமாடிக்கோ பால்கனிக்கோ எடுத்துப் போய்க் கவிழ்த்துத் தட்டி, ஜிப் ஓரங்களைப் பாருங்கள். சமையலறையில் சிங்க்குக்குக் கீழேயும் ஃப்ரிட்ஜுக்குப் பின்னாலும் ஒரு பசை அட்டையை இரண்டு வாரம் வையுங்கள். கோடு போட்ட சின்னப் பூச்சி எதுவும் ஒட்டவில்லை என்றால் வரவில்லை. பயணத்தில் ஒட்டிக்கொண்டு வருவதில் நான் அதிகம் பயப்படுவது மூட்டைப்பூச்சிக்கு, அதுவும் விமான சீட்டைவிடத் தங்கும் விடுதியின் மெத்தையிலிருந்து. தீனி இல்லாமலே மாதக்கணக்கில் தாங்கும். நோய் பரப்புவதாக நிரூபணம் இல்லை, தூக்கத்தைக் கெடுக்கும். கடித்த தடிப்பை மட்டும் பார்த்து மூட்டைப்பூச்சி என்று முடிவு செய்ய முடியாது, பூச்சியையோ தையல் ஓரத்தில் கறுப்புப் புள்ளிகளையோ கண்ணால் பார்க்க வேண்டும். சந்தேகம் இருந்தால் துணியை 60 டிகிரி வெந்நீரில் துவைத்துவிடுங்கள், சூடு தாங்காமல் முட்டையும் சாகும். வெயிலில் போட்டால் போதும் என்று நம் ஊரில் சொல்வார்கள். சித்திரை வெயிலிலும் தடித்த பையின் உள்மடிப்பு அந்தச் சூட்டை எட்டுமா என்பது சந்தேகம்தான்.

பூச்சியைப் பார்த்தவுடன் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது, அதை நீங்கள் இன்னும்கூடச் செய்யலாம். பணிப்பெண் நசுக்கிவிட்டு மன்னிப்புக் கேட்பதோடு விட்டுவிடாதீர்கள். 'கேபின் லாகில் எழுதிவிடுங்கள்' என்று மரியாதையாகக் கேளுங்கள். அதில் எழுதியது தரையில் இருக்கும் பொறியியல் பிரிவுக்குப் போகும், பதில் எழுதி மூடாமல் விட முடியாது. இப்போது ஒரு வாரம் கழித்து என்றால் நிறுவனத்துக்கு மின்னஞ்சல் எழுதுங்கள், பதில் வராவிட்டால் மத்திய அரசின் ஏர்சேவா தளத்தில் போடுங்கள். விமான எண், தேதி, உங்கள் சீட் எண், எந்தப் பக்கச் சுவர், பூச்சி சின்னதா பெரிதா, இறக்கை இருந்ததா, போட்டோ இருந்தால் அது. தேதியும் விமான எண்ணும் இருந்தால் அன்றைக்குப் பறந்தது எந்த விமானம் என்று அவர்கள் பதிவில் எடுத்துவிடலாம். 'உங்கள் விமானம் குப்பை' என்று சமூக ஊடகத்தில் எழுதினால் ஒரு மன்னிப்பும் ஒரு கூப்பனும் வரும். 'இருபத்து மூன்றாம் வரிசை, இடது ஜன்னல், இறக்கை இல்லாத குஞ்சு' என்று எழுதினால் அது எங்கள் கைக்கு வரும். அந்த வரிசைக்குப் பக்கத்துப் பலகையையும், பின்பக்கச் சமையல் பகுதியின் காபி மேக்கரையும் கழற்றச் சொல்லிக் கேட்க எங்களுக்கு ஒரு காகிதம் இருக்கும்.